எண்ணெய் கூடிப்போச்சு

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா ஒருவர், புளியங்கூடலில் என்னிடம் படிக்கும் தன் மருமகனுக்கு ஒரு விளையாட்டுக் கார் கொண்டுவந்திருந்தார். பற்றறியில் ஓடும் கார் அல்ல. உள்ளே உண்மையான எஞ்சின், காபரேற்றர், சைலன்சர் எல்லாம் இருந்தன. றிமோட்டால் ஓட்டவேண்டும். அதற்குரிய எரிபொருளை விமானத்தில் கொண்டுவர முடியாதென்பதால் கொழும்பில் ஒரு போத்தல் வாங்கியிருந்தார். மாமா திரும்பிப் போனதும் காருக்கும் வருத்தம் வந்துவிட்டது. "சேர், விஞ்ஞானம் படிப்பிக்கிறீங்கள்தானே, ஒருக்காப் பாருங்கோ" என்று பையன் பாடசாலை விட்ட பிறகு அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்தான்.

எனக்குத் தெரிந்தது புத்தக விஞ்ஞானம். போத்தலில் 20 வீதம் நைற்றோமீதேன் என்றிருந்தது. மிகுதியில் பெரும்பங்கு மெதனோல், அதோடு எஞ்சினுக்கான எண்ணெய். மெதனோல் கண்பார்வையைப் பறிக்கும் நஞ்சு, பகல் வெளிச்சத்தில் அது எரிந்தால் சுவாலைகூட லேசில் தெரியாது என்பதை முதலில் பையனுக்குச் சொல்லி, போத்தலை என் கையில் வைத்துக்கொண்டேன். இந்த எஞ்சினில் பொறி அடிக்கும் பிளக் இல்லை. 1940களின் இறுதியில் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் சந்தைக்குக் கொண்டுவந்த குளோ பிளக்தான் இருக்கிறது. அதற்குள் பிளாற்றினம் கலந்த ஒரு சிறு சுருள். தொடங்கும்போது மட்டும் பற்றறியால் அதைச் சூடாக்கவேண்டும். பிறகு எரிதலின் வெப்பமும், மெதனோல் ஆவி பிளாற்றினத்தில் படும்போது நடக்கும் தாக்கமும் சேர்ந்து அதைச் சிவக்கவே வைத்திருக்கும்.

இவ்வளவும் தெரிந்தும் கார் ஓடவில்லை. வெள்ளைப் புகையை அள்ளிக் கொட்டியது. வேகம் கொடுத்தால் விக்கி விக்கி நின்றது. சைலன்சர் வாயால் எரியாத எண்ணெய் வடிந்தது. அடுத்த நாள் ஊரிலுள்ள மோட்டார் சைக்கிள் திருத்துபவரிடம் பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். அறுபத்தைந்து வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் அண்ணைதான்.

அண்ணை சத்தத்தைக் கேட்டார். விரலை நனைத்து எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது அசையாமல் கிடந்தது. "எண்ணெய் கூடிப்போச்சு, மாஸ்டர். சூடே ஏறேல்லை. சரியா எரிஞ்சா இந்தத் தண்ணி நாலைஞ்சு செக்கனிலை கொதிச்சுப் போகவேணும்."

நான் கணக்கைச் சொன்னேன். ஒரு கிராம் பெற்றோல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். மெதனோலுக்கு 6.5 கிராம் அளவில் போதும். நைற்றோமீதேன் ஒட்சிசனைத் தன்னோடேயே கொண்டுவருவதால் அதற்கு 1.7 போதும். அதனால்தான் இந்த எஞ்சின் இவ்வளவு குடிக்கிறது. அண்ணை சிரித்தார். "காத்துக்கு வழி இருக்கோ எண்டு முதல் பாப்பம்." காற்று வடிகட்டியின் பஞ்சைக் கழற்றினார். எண்ணெயில் ஊறி, புழுதி அப்பிக் கறுத்திருந்தது. கழுவிக் காயவிட்டோம்.

காயும்வரை அவர் பழைய கதை சொன்னார். 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் அற்றுப்போனது. தீவிலிருந்து இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த அண்ணை, மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்துக் கொடுத்துச் சீவித்தார். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஒரு சின்னப் போத்தலில் துளிப் பெற்றோல் வைத்துக் காபரேற்றருக்குள் பீச்சி எஞ்சினைத் தொடக்கி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். கொஞ்சம் கூடினால் இதே வருத்தம்தான்: புகை, விக்கல், கரிபிடித்த பிளக். நாளுக்கு எத்தனை பிளக் சுரண்டினேன் என்று கணக்கில்லை என்றார்.

"நீங்கள் அப்ப எங்கை, மாஸ்டர்?"

"புத்தளத்திலை, அண்ணை. கிடுகுக் கொட்டில்." வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 1990 ஒக்டோபர் 30இல் சோனகதெருவிலிருந்து இரண்டு மணித்தியால அவகாசத்தில் நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. ஐந்து சந்திக்கு அருகில் வாப்பாவுக்குச் சைக்கிள், மோட்டார் சைக்கிள் திருத்தும் சின்னக் கடை இருந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்தை நாங்கள் பார்க்கவில்லை.

அண்ணை கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு பெட்டியிலிருந்து மரப்பிடி போட்ட சிறிய ஸ்குறூ ட்றைவர் ஒன்றை எடுத்தார். "அந்த வருசம் ரவுணிலை ஆயுதச் சாமான் மலிவா வித்தவங்கள். நானும் வாங்கினன். எங்கையிருந்து வந்ததெண்டு கேக்கேல்லை. தெரியாமலில்லை, மாஸ்டர். கேக்கேல்லை." அதை என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கினேன். என்ன சொல்வதென்று தெரியாமல் காரைப் பார்த்து, "எந்தப் பக்கம் திருக்கிறது?" என்று கேட்டேன்.

"வலப்பக்கம். மணிக்கூட்டிலை ஒரு மணித்தியால அளவு. அதுக்கு மேலை வேண்டாம்."

பஞ்சைப் பூட்டி, எஞ்சினைச் சூடேற விட்டு, வேக ஊசியை அந்த அளவு திருகினேன். ஓட்டிப் பார்த்தோம். மறுபடி ஒரு மணித்தியாலம். மறுபடி ஓட்டம். நாலாவது தடவையில் விக்கல் போய் எஞ்சின் கூவியது. நின்றபடி ஓடும்போது எண்ணெய்க் குழாயை நெரித்துப் பார்த்தோம். சத்தம் மெல்ல ஏறி இரண்டு மூன்று செக்கனில் எஞ்சின் நின்றது. நின்றோட்ட ஊசியும் சரியென்று அர்த்தம். வெகுநேரம் ஏறிக்கொண்டே போயிருந்தால் அங்கேயும் எண்ணெய் கூட. இப்போது தண்ணீர்ச் சொட்டு சீறிப் போனது.

"இன்னும் புகை வருது, சேர். இன்னும் கொஞ்சம் குறைப்பமா?" என்று பையன் கேட்டான்.

"வேண்டாம். இந்த எஞ்சினுக்கு எண்ணெயும் எரிபொருளோடேதான் வருது. அதைக் குறைச்சால் இதுவும் குறையும். பிறகு பிஸ்ரன் இறுகிப்போகும். கொஞ்சப் புகை இருக்கத்தான் வேணும்."

ஸ்குறூ ட்றைவரை அண்ணையின் பெட்டியிலேயே வைத்தேன். "உங்களுக்குத்தான் வேலைக்கு வேணும்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னது பெருந்தன்மையா, பேச்சை முடிக்கும் அவசரமா என்று பண்ணைப் பாலம் கடந்து வரும்வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இரவு உம்மாவிடம் சொன்னேன். வாப்பா மௌத்தாகிப் பல வருடங்கள். உம்மா கேட்டது ஒன்றுதான்: "பிடியிலை பார்த்தியா, மகன்? வாப்பா கம்பியைக் காய்ச்சி எல்லாச் சாமானிலையும் தன்ர எழுத்தைச் சுட்டு வச்சிருப்பாரே."

இல்லை என்றேன். அது உண்மைதான். ஊசியைத் திருகிய அவ்வளவு நேரமும் பெருவிரலுக்குக் கீழே மரத்தில் ஏதோ ஒரு பள்ளம் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. நான் பிடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.