செங்கற்பட்டு வழியாக மாமல்லபுரம்

நமது நண்பர் ஒருவர் தென் அமெரிக்காவிலுள்ள பெரு தேசத்துக்குப் போய் வந்தார். புறப்படுவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே அவர் செய்த முஸ்தீபுகளைக் கண்டவர்கள், மனிதர் அங்கேயே குடியேறப் போகிறாரோ என்று சந்தேகப்பட்டிருப்பார்கள். குஸ்கோ நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், போய் இறங்கியதும் ஓடியாடாமல் இரண்டு நாள் இளைப்பாற வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். இன்கா அரசர்களின் சரித்திரத்தைப் படித்தார். அம்மக்களுக்கு எழுத்துக் கிடையாது, முடிச்சிட்ட கயிறுகளிலேயே கணக்கு வைத்துக்கொண்டார்கள் என்றும், சுண்ணாம்பின்றிக் கல்லோடு கல் பொருத்தி 15ஆம் நூற்றாண்டில் மச்சு பிச்சுவைக் கட்டினார்கள் என்றும் நமக்கு ஓர் உபந்நியாசமே செய்துவிட்டார்.

திரும்பி வந்தவரிடம், "மாமல்லபுரம் பார்த்திருக்கிறீரா?" என்று கேட்டோம்.

"பார்க்காமல் என்ன? புதுச்சேரிக்குப் போகிற வழியில் ஒரு மணி நேரம் இறங்கினோமே! நல்ல வெயில். இளநீர் மிகவும் நன்றாயிருந்தது" என்றார்.

பெருவுக்கு ஆறு மாதம். மாமல்லனுக்கு ஓர் இளநீர்! நண்பரை மட்டும் குறை சொல்வானேன்? நம்மில் பெரும்பாலோர் செய்வது இதுதான். ஆகவே, தூர தேசத்துக்குப் போகிறவர்களுக்குச் சொல்வதுபோலவே, பக்கத்து ஊருக்குப் போகிறவர்களுக்கும் சில யோசனைகள் சொல்லத் துணிகிறோம்.

முதல் யோசனை: சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் போகாதீர்கள். அது நல்ல சாலைதான்; அதனாலேயே சொல்கிறோம். அதில் போகிறவர்கள் போன வேகத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். மின்சார ரயிலேறிச் செங்கற்பட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்லுங்கள். மொத்தம் முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் தூரம். மார்கழி முதல் மாசி வரையில் உகந்த காலம். சித்திரை வெயிலில் அந்தப் பாறைகளின் மேல் நடப்பது தோசைக்கல்லின் மேல் நடப்பதற்கு ஒப்பாகும்.

ரயில் செங்கற்பட்டை நெருங்கும்போதே கொளவாய் ஏரி கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். ஊரின் பெயரைக் கேட்டுச் செங்கற் சூளையை நினைப்பவர்கள் உண்டு. செங்கழுநீர்ப் பூவால் வந்த பெயர் என்பதே பெரியோர் கொள்கை. விஜயநகர காலத்துக் கோட்டையொன்று இங்கே உண்டு. 1752இல் கிளைவ் இதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தான். அதற்கு மேல் அந்தக் கோட்டைக்காக இங்கே தாமதிக்க வேண்டியதில்லை.

தாமதிக்க வேண்டிய இடம், திருக்கழுக்குன்றம் சாலையில் சிறிது தூரத்திலேயே இருக்கும் வல்லம். சிறிய குன்று, அதில் சிறிய குடைவரைக் கோயில். பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் அதன் முகப்பில் தமிழிலே ஒரு கல்வெட்டு இருக்கிறது. வயந்தப்பிரி அரசர் மகன் கந்தசேனன் இந்தக் கோயிலைச் செய்வித்தான் என்று அது கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவனுக்கு அடங்கிய சிற்றரசன் அவன். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் பெருமிதத்துடன் கல்லிலே பொறித்து வைத்தவன் மகேந்திரவர்மன். அரசன் மலையைக் குடைந்தான். அவனைப் பார்த்துச் சிற்றரசனும் குடைந்தான். மாமல்லபுரத்துக்குப் போகும் முன் இந்த எளிய தொடக்கத்தைப் பார்த்தால்தான், ஒரு நூற்றாண்டுக்குள் நம் சிற்பிகள் எவ்வளவு தூரம் சென்றார்கள் என்பது விளங்கும்.

அடுத்தது திருக்கழுக்குன்றம். ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏறி வேதகிரீசுவரரைத் தரிசிக்க வேண்டும். உச்சிவேளையில் இரண்டு வெண்கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டு செல்வதைப் பார்க்க முன்பெல்லாம் கூட்டம் கூடும். கடந்த நூற்றாண்டின் முடிவோடு அந்த வரவு நின்றுபோயிற்று. மாடுகளுக்குப் போட்ட வலி மருந்து ஒன்று, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளுக்கு விஷமாகி, இந்தியா முழுவதும் பாறு இனங்களைச் சூறையாடிற்று. 2006இல்தான் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவது தடை செய்யப்பட்டது. நண்பர் பெருவிலே காண்டர் என்னும் பெருங்கழுகு, மூன்று மீட்டர் சிறகை விரித்துப் பள்ளத்தாக்கின் மேல் மிதந்ததை வர்ணித்தபோது, நமக்கு இந்தக் குன்றின் வெறும் பாறைதான் நினைவுக்கு வந்தது.

இக்கோயிலின் கல்வெட்டு ஒன்றைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ஸ்கந்தசிஷ்யன் என்ற பழைய அரசன் கோயிலுக்கு நிலம் விட்டான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அதைக் காப்பாற்றினான். பிறகு ஒன்பதாம் நூற்றாண்டில் ஆதித்த சோழன் அந்தத் தானத்தைப் புதுப்பித்தான். வம்சம் மாறியது, கொடுத்த வாக்கு மாறவில்லை. வாதாபியை வென்ற அந்தப் போத்தரையன்தான் நம் மாமல்லன்.

அதே குன்றின் சரிவில் ஒருகல் மண்டபம் என்ற குடைவரை இருக்கிறது. அதன் கல்லில் வேறொரு வகை எழுத்துக்களைக் காணலாம். 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள், இங்கே வந்தபோது தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். கந்தசேனனும் கல்லில் பெயர் வெட்டினான், இவர்களும் வெட்டினார்கள். ஆனால் அவன் கோயில் எடுத்துவிட்டு வெட்டினான். மச்சு பிச்சுவிலும் இப்படி ஒரு சமாசாரம் உண்டு. 1911இல் ஹைராம் பிங்ஹாம் என்ற அமெரிக்கர் அங்கே போனபோது, லிசாராகா என்ற உள்ளூர்க்காரரின் பெயரும் 1902 என்ற வருஷமும் சுவரில் கரியால் எழுதப்பட்டிருக்கக் கண்டார். எழுத்து அழிக்கப்பட்டது, கண்டுபிடித்த கீர்த்தி பிங்ஹாமைச் சேர்ந்தது. கரியில் எழுதிய பெயருக்கு அவ்வளவுதான் ஆயுள்.

இனி மாமல்லபுரம். ஓர் இரவாவது தங்குங்கள். சூரியோதயத்தில் கடற்கரைக் கோயிலில் இருங்கள். அங்கிருந்து நேரே அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு வாருங்கள். அது கிழக்கு நோக்கி நிற்பதால், காலை வெயிலில்தான் யானைகள் உயிர் பெற்று நடக்கும். தவம் செய்கிறவன் அர்ச்சுனனா, பகீரதனா என்று வழிகாட்டியுடன் சர்ச்சை செய்து நேரத்தைப் போக்க வேண்டாம். பண்டிதர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அவனைப் பார்த்து ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூனையைத் தேடிப் பிடியுங்கள். அதை நம்பி நிற்கும் எலிகளைப் பார்த்தபின், நம் நாட்டில் போலிச் சாமியார்களைப் பற்றிய ஞானம் புதிதல்ல என்பது தெரியும்.

பஞ்ச பாண்டவர் ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அவை ரதங்களும் அல்ல. பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி எடுத்த கோயில்கள். திரௌபதி ரதம் என்பது நம் கிராமத்துக் கூரை வீடே கல்லானதுபோல் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை மாமல்லன் காலத்தில் தொடங்கியவை என்றும், அடுக்கிக் கட்டிய கடற்கரைக் கோயில் ராஜசிம்மனுடையது என்றும் பலர் கொள்கிறார்கள். எல்லாமே ராஜசிம்மனுடையவை என்று 1962இல் இரா. நாகசாமி வாதிட்டார்.

யார் எடுத்ததாயினும், நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது முடியாத வேலைகளை. பீம ரதத்தின் அடிப்பாகத்தைப் பாருங்கள். பிடாரி ரதங்களுக்கும், வலையன்குட்டை ரதத்துக்கும் போய்ப் பாருங்கள். பாறை முகத்தில் கட்டம் கட்டமாகக் காடி வெட்டி, காடிகளுக்கு நடுவே நிற்கும் கல்லைத் தட்டிப் பெயர்த்து, மறுபடி காடி வெட்டியிருக்கிறார்கள். உளித் தடத்தில் விரலை வைத்தால், நேற்று மாலை வேலையை நிறுத்திவிட்டுச் சிற்பி வீட்டுக்குப் போனான் போலிருக்கும். முடிந்த சிலை நம்மைக் கும்பிடச் சொல்கிறது. முடியாத பாறையோ எப்படிச் செய்தார்கள் என்பதைக் கற்றுக்கொடுக்கிறது.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாய் உல்லாசப் பயணம் வந்தபோது, கலங்கரை விளக்கத்துக்கு அருகே ஒரு பாறையில் ஆணியால் நம் பெயரின் முதலெழுத்து இரண்டைக் கீறினோம். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இன்று அவ்வாறு செய்து பிடிபட்டால் இரண்டு வருஷம் சிறை, லட்ச ரூபாய் அபராதம் வரை சட்டத்தில் இடமிருக்கிறது. இப்போது நாம் ஆசிரியராகி மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் அந்த இடத்துக்குத் தவறாமல் கூட்டிப் போகிறோம். "யார் ஸார் இந்த மூடன்?" என்று எவனாவது ஒருவன் கேட்பான். பதில் சொல்ல ஒவ்வொரு முறையும் சற்றுக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நேரமுள்ளவர்கள் வடக்கே சாளுவன்குப்பத்துக்குப் போகலாம். 2004ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பின் அங்கே மணலைத் தோண்டியபோது, பல்லவர் காலத்துக்கும் முற்பட்ட செங்கல் முருகன் கோயில் வெளிப்பட்டது. தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் மேற்சொன்ன டச்சுக்காரர்களின் கோட்டையும் கல்லறைகளும் இருக்கின்றன. 2022இல் உலகச் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தது அந்தப் பட்டினத்தில் அல்ல, மாமல்லபுரத்தில்; பெயர்ப் பொருத்தம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை!

திரும்பும்போதும் திருக்கழுக்குன்றம் சாலையிலேயே வாருங்கள். ஊரைத் தாண்டியதும் பூஞ்சேரி வரும். போகும்போது அங்கே இறங்கச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு பாறையில் பழைய எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன், திருவொற்றியூர் அபாஜர். கொல்லன் ஒருவனின் பெயரும் உண்டு. மாமல்லபுரத்தில் வேலை செய்தவர்கள் இவர்களே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். தாங்கள் செதுக்கிய கோயில்களில் அரசனுடைய விருதுப் பெயர்களைப் பொறித்துவிட்டு, தங்கள் பெயர்களை ஊருக்கு வெளியே, கூட்டம் வராத ஒரு பாறையில் வெட்டியிருக்கிறார்கள். உளியைத் தீட்டிக் கொடுத்த கொல்லனையும் அவர்கள் விட்டுவிடவில்லை.

பெயர்கள் இருக்கும் இடத்தை ஊராரிடம் விசாரித்துத்தான் போக வேண்டும். கையில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். அங்கே இளநீர்க் கடை கிடையாது.