வெரிட்டி லாம்பர்ட்: கட்டுப்பாட்டு அறையிலிருந்து தலைமைப் பொறுப்புக்கு

பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடகத்தை வளர்த்தெடுத்தவர்களில் முன்வரிசையில் வைக்கத் தக்கவர் வெரிட்டி லாம்பர்ட் (1935–2007). லண்டனில் பிறந்த அவரைத் தொலைக்காட்சிக்குள் கொண்டுவந்தவை சுருக்கெழுத்தும் தட்டச்சும். 1950களில் பெரும்பாலான பெண்களுக்கு அங்கே திறந்திருந்த வாசல் அதுதான். ஏபிசி நிறுவனத்தில் செயலாளராகச் சேர்ந்து, இயக்குநரின் உதவியாளராக உயர்ந்தார்.

அந்த வேலை எவ்வளவு கற்றுக்கொடுத்திருந்தது என்பது 1958 நவம்பர் 30 இரவு தெரிந்தது. ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற நாடகம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த காட்சிக்குக் காத்திருந்த நடிகர் கேரத் ஜோன்ஸ் திடீரெனச் சரிந்து விழுந்து இறந்துபோனார். ஒளிபரப்பு நிற்கவில்லை. அவர் இல்லாமலே கதையை நகர்த்தும்படி நடிகர்களைத் தயார்செய்ய இயக்குநர் டெட் கோட்செஃப் படப்பிடிப்புத் தளத்துக்கு இறங்கிவிட்டார். எந்தக் கேமரா எப்போது என்று சொல்லும் பொறுப்பு கட்டுப்பாட்டு அறையில் இருந்த லாம்பர்ட்டிடம் வந்தது. யார் எங்கே நிற்பார்கள், அடுத்து யார் பேசுவார்கள் என்று தெரியாமலே ஷாட் சொல்லியாக வேண்டும். கையிலிருக்கும் நொடிக்குள் முடிவெடுக்க இதைவிடக் கடுமையான பயிற்சி கிடையாது.

1963இல் பிபிசியின் நாடகத் துறைத் தலைவர் சிட்னி நியூமன் அவரை அங்கே அழைத்து, ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் தயாரிப்பாளராக்கினார். அப்போது வயது 27; பிபிசியின் நாடகத் துறையில் வேறு பெண் தயாரிப்பாளர் இல்லை. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் இந்தியாவில் பிறந்த இளைஞர். முன்னோட்டமாகப் பதிவான எபிசோட் நியூமனுக்குப் பிடிக்காமல் போகவே, அது முழுவதும் மறுபடி எடுக்கப்பட்டது. நவம்பர் 23 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடி கொலையான மறுநாள், தொடர் தொடங்கியது.

சோதனை டேலக்குகளால் வந்தது. வினோத ஜந்துக்கள் வேண்டாம் என்பது நியூமனின் கண்டிப்பான உத்தரவு. டெர்ரி நேஷன் எழுதிய கதையிலோ உலோகக் கூட்டுக்குள் வாழும் உயிரினங்கள்; அவைதான் டேலக்குகள். மேலிடம் எதிர்த்தது, ஆனால் படமாக்கத் தயாரான வேறு ஸ்கிரிப்ட் இல்லை. கதையை நம்பிய லாம்பர்ட் அதையே எடுத்தார். டேலக்குகள் நாடெங்கும் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டன. இந்த நிகழ்ச்சியைத் தன்னைவிட லாம்பர்ட்டே நன்கு அறிந்தவர் என்று நியூமன் ஒப்புக்கொண்டார். மேலதிகாரியை மீறும் துணிச்சல் பலருக்கு வரும். மீறியதைத் திரையில் நியாயப்படுத்திக் காட்டும் திறன் அரிது. லாம்பர்ட்டிடம் இரண்டும் இருந்தன.

1974இல் தேம்ஸ் தொலைக்காட்சியின் நாடகத் துறைத் தலைவரானார். இனி அவர் வேலை, அடுத்தவர் எடுக்கும் படைப்புக்குக் கதவு திறப்பது. பிபிசி மறுத்த ‘தி நேக்கட் சிவில் சர்வன்ட்’ 1975இல் அங்கே உருவானது. ஒளிவுமறைவின்றி வாழ்ந்த ஓரினச்சேர்க்கையாளர் குவென்டின் கிரிஸ்ப்பின் கதை அது. கிரிஸ்ப்பாக நடித்த ஜான் ஹர்ட்டுக்குப் பெரும் புகழ் தந்தது. பின்னர் தேம்ஸின் துணை நிறுவனமான யூஸ்டன் பிலிம்ஸின் தலைமை நிர்வாகியாக இருந்தபோது ‘மைண்டர்’ தொடர் வந்தது. லிண்டா லா பிளான்ட் எழுதிய ‘விடோஸ்’ (1983), இறந்த கணவர்களின் கொள்ளைத் திட்டத்தை மனைவிகளே முடிக்கும் கதை. பெண்களைக் கதையின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்த இத்தகைய தொடர்களில்தான் ஒரு பெண் நிர்வாகி தலைமையில் இருந்ததன் பயன் தெளிவாகத் தெரிகிறது.

1985இல் சினிமா வெரிட்டி என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். அதன் ‘ஜிபிஎச்’ தொடர் பாராட்டப்பட்டது. ஸ்பெயினில் பெரும் செலவில் எடுத்த ‘எல்டொராடோ’ தொடரோ ஓராண்டில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் அவர் ஒதுங்கவில்லை. ‘ஜோனதன் கிரீக்’ தொடரைப் பல ஆண்டுகள் தயாரித்தார். 2002இல் ஓபிஇ விருது பெற்றார்.