ஜவ்வும் பாக்கும்

இறைச்சி நறுக்குவோர் தசைமேல் படர்ந்த வெண்ணிற ஜவ்வைக் கத்திமுனையால் கிழித்து ஒதுக்குவதைக் கண்டிருக்கிறோம். உண்ண உதவாத அந்த ஜவ்வே உயிருள்ள உடலில் தசைகளைக் கட்டி, சிறுநீரகத்தைப் போர்த்தி, இதயத்துக்கு உறையாகி, உறுப்புகளை அதனதன் இடத்தில் நிறுத்துகிறது. மருத்துவ நூலார் இதனையும் இதன் இனத்தையும் இணைப்புத் திசு என்பர். அது நெகிழ்ந்திருக்கும்வரை அதன் நினைவே நமக்கு எழுவதில்லை. மிகுந்து இறுகினாலோ, ஈரல் சுருங்குகிறது. நுரையீரல் விரிய மறுக்கிறது.

வாயும் இதற்கு விலக்கன்று. இதனை நான் நூலில் கற்கவில்லை. செவ்வாப்பேட்டையில் எங்களோடு வளர்ந்து, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவுப்பணி பார்த்த என் சகோதரி மகன், உறக்கத்தை விரட்டப் பாக்குப் பொட்டலங்களை மென்று பழகினான். புகையிலை இல்லாத பாக்குத்தானே என்று வீட்டாரும் வாளாவிருந்தனர். முதலில் மிளகாய்க் காரம் தாங்கவில்லை. பின்னர் ஒரு பெருநாளன்று, கவளத்தை விரலால் அழுத்தியும் உள்ளே செலுத்த இயலாமல், "வாய் திறக்க மாட்டேங்குது மாமு" என்றான். அப்போது அவனுக்கு வயது 26.

1952இல் சுவார்ட்ஸ் என்பார், கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இந்நோயைக் கண்டு எழுதினார். பாக்கிலுள்ள அரிகோலின், கன்னத்தின் உட்புறத்தில் கொலாஜன் நாரை மிகுதியாக நெய்யத் தூண்டுகிறது. பாக்கின் செம்பு அந்நார்களைப் பிணைக்கத் துணைபுரிகிறது. டானின் என்னும் துவர்ப்பொருளோ அவை கரைந்து போகாமல் காக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலில் தலைமுறைகளைக் கழித்த நம் பெரியோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா. ஆவாரம்பட்டை பச்சைத்தோலை அழுகாமல் நிறுத்துவதும் டானினால்தானே! உயிரோடிருக்கும் கன்னத்தையே பதனிடுகிறோம் எனலாம்.

2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கையே மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கும் பொருளென வகைப்படுத்தியது. 2013இல் தமிழக அரசு குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை விதித்தது. தாம்பாளத்துப் பாக்கை அத்தடை தொடவில்லை. வெற்றிலை பாக்கு வைக்காத நிக்காஹ் வீட்டை நானும் கண்டதில்லை.

இறுகிய நார் பழையபடி நெகிழாது என்றார் பல் மருத்துவர். பாக்கை அறவே விட வேண்டும். ஊசி மருந்தும் பயிற்சியும் ஓரளவு உதவும். புண் தோன்றுகிறதா என்று ஆயுள் முழுதும் பார்த்துவர வேண்டும். நலமுள்ளவர் வாயில் மூன்று விரல்கள் அடுக்கி நுழையும். அவனுக்கு ஒன்றே நுழைந்தது. ஐஸ் குச்சிகளைப் பல்லிடையே அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிப் பயின்று வருகிறான். சென்ற வாரம் 11ஆவது குச்சி நுழைந்தது.