வாளிக்கும் வடிகால் வேணும்

போன வாரம் பாப்பா சென்னையிலிருந்து போன் பண்ணினாள். மேடவாக்கத்தில் மூணாவது மாடி. பால்கனியில் வச்ச கத்தரி காய்ச்சிருக்காம். "அப்பா, பாட்டி கத்தரிக்காய்ப்பா, காம்புல முள்ளு குத்துது" என்றாள். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரலை. ஏன்னு சொல்லணும்னா வாளிக் கதையைச் சொல்லணும்.

மூலக்குளத்தில் எங்களுக்கு அரைக் காணி நிலம் இருந்தது. எங்க பாண்டிச்சேரிக் கணக்கில் ஒரு குழி 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி. பாப்பா கல்யாணம், வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரிச் செலவு என்று கொஞ்சம் கொஞ்சமா வித்தாச்சு. இப்போ அங்கே மனை போட்டு வீடுகள் வந்துடுச்சு. எனக்குச் சொந்தம்னு இருப்பது இந்த வீடும், மேல மொட்டை மாடியும்தான். வில்லியனூர் பக்கம் ஆத்தோரத்தில் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடறேன்.

நிலம் போனாலும் ஒண்ணை மட்டும் விடலை. எங்க அம்மா வச்சிருந்த முள்ளுக்கத்தரி விதை. வருஷா வருஷம் நல்ல செடியாப் பார்த்து ரெண்டு காயைப் பழுக்க விடுவேன். விதை எடுத்து, சாம்பல்ல புரட்டிக் காய வச்சு, துணியில் முடிஞ்சு வைப்பேன்.

2024 சித்திரையில் பாப்பா லீவுக்கு வந்தாள். நாலு நாள் ஊருக்குப் போய் வந்தா பால்கனிச் செடியெல்லாம் காஞ்சு போகுதுன்னு ஒரே புலம்பல். அதுக்கு வழி ஒண்ணு போன் வீடியோவில் பார்த்து வச்சிருந்தாள். தானா தண்ணி குடிக்கிற வாளி. செஞ்சு பார்க்க எங்க மொட்டை மாடிதான் கிடைச்சது.

20 லிட்டர் பெயிண்ட் வாளி ரெண்டை எடுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறக்கினாள். கீழே நாலு விரல் இடைவெளி. அதில்தான் தண்ணி நிக்கும், மூணு நாலு லிட்டர். மேல் வாளி அடியில் நடுவுல ஒரு பெரிய ஓட்டை, அதில் சுத்தி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டம்ளர். டம்ளர் நிறைய மண்கலவை, அதோட அடி தண்ணியில் முங்கி இருக்கும். ஓரமா ஒரு பைப், தண்ணி ஊத்த. கடைசியா வெளி வாளியின் பக்கத்தில், மேல் வாளி அடிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்ன ஓட்டை.

மண்ணெண்ணெய் விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்கிற மாதிரி, டம்ளர்ல இருக்கிற கலவை தண்ணியை மேலே இழுக்கும். மேலே ஈரம் குறையக் குறைய கீழே இருந்து ஏறும். செடி தனக்கு வேணுங்கிறதைத் தானே எடுத்துக்கும்.

நான் சிரிச்சேன். வீட்டுக்காரம்மா விடுவாங்களா? "ஏங்க, வயலு போயி வாளிக்கு வந்தாச்சா?" என்றாங்க. ஆனா யோசிச்சா இது நமக்குப் புதுசில்லை. தென்னங்கன்னு வச்சா எங்க அம்மா பக்கத்திலேயே பழைய மண்பானையைக் கழுத்து வரைக்கும் புதைச்சு, தண்ணி ரொப்பி மூடி வைப்பாங்க. மண்ணு காஞ்சா பானை கசியும். ஈரமா இருந்தா கசிவு குறையும். ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி சீனாவில் எழுதின விவசாய நூலிலேயே பானைப் பாசனம் இருக்கு.

பாப்பா மூணு வாளி போட்டுட்டுப் போனாள். ஆடியில் நாத்து விட்டு, ஆவணியில் வயல்ல நட்டது போக மிச்சம் இருந்ததை வாளியில் வச்சேன். இன்னும் ரெண்டு நாத்து இருந்தது. நானே ரெண்டு வாளி தயார் பண்ணினேன். ஆனா பக்கத்து ஓட்டை மட்டும் போடலை. தண்ணி வைக்கிற வாளிக்கு எதுக்குடா ஓட்டை, இருக்கறதும் போயிடுமேன்னு நினைச்சேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்க பக்கமே கரை கடந்தது. ஒரே நாளில் பாண்டியில் 48 சென்டிமீட்டர் கிட்ட மழை. அப்புறம் வீடூர் அணைத் தண்ணியும் சேர்ந்து சங்கராபரணி பெருகிடுச்சு. ஆத்தோரக் குத்தகை நிலம் முழுக்க முங்கிப் போச்சு. தண்ணி வடிஞ்சு போய்ப் பார்த்தா செடி மேல சேறு. அம்மா கத்தரி ஒண்ணுகூட நிக்கலை. இருந்த விதை முழுசையும் ஆடியிலேயே தூவிட்டிருந்தேன். கொஞ்சம் எடுத்து வச்சிருக்கணும், வைக்கலை. தப்பு என்னுதுதான்.

அப்புறம்தான் மாடி ஞாபகம் வந்தது. ஏறிப் பார்த்தேன். பாப்பா போட்ட மூணு வாளியில் கிளை ஒடிஞ்சிருந்தது, இலை கிழிஞ்சிருந்தது, ஆனா செடி உயிரோட இருந்தது. கூடுதல் தண்ணி அந்தச் சின்ன ஓட்டை வழியா ஓடியிருக்கு. நான் போட்ட ரெண்டிலும் விளிம்பு வரைக்கும் தண்ணி. சாய்ச்சுக் கொட்டினேன். ஆனா வெயில் வந்த ரெண்டாம் நாளே இலை தொங்கிடுச்சு. வேருக்குக் காத்து இல்லை, அழுகிடுச்சு. அந்த ரெண்டு வாளியும் என் வயலும் ஒரே மாதிரிதான் செத்துச்சு. முப்பது வருஷமா வயலுக்கு வடிகால் வெட்டறவன், வாளிக்கு வடிகால் வைக்கலை.

அப்புறம் பாப்பா சொன்னாள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் பிளேக் விசனன்ட் என்று ஒரு தக்காளி விவசாயி. 1990-களில், மழையில் விளைச்சல் போனப்புறம்தான் இந்த மாதிரிப் பெட்டி ஒண்ணை உருவாக்கினாராம். எர்த்பாக்ஸ் என்று விக்கறாங்க. அடியில் தண்ணி, பக்கத்தில் வடிகால், மேலே மழை இறங்காம பிளாஸ்டிக் மூடி. அவரும் அடி வாங்கித்தான் கத்துக்கிட்டிருக்கார்.

பிழைச்ச மூணில் ஒரு செடியில் ரெண்டு காயைப் பழுக்க விட்டேன். மார்கழி கடைசியில் மஞ்சளாச்சு. பொங்கலுக்கு வந்த பாப்பாகிட்ட அதில் பாதி விதையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மீதி இங்கே. இனிமே ஒரே இடத்தில் வைக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

நீங்க செஞ்சு பார்க்கறதா இருந்தா சில விஷயம். தண்ணியில் கரைக்கிற பெயிண்ட் இருந்த வாளியா எடுத்து நல்லா கழுவுங்க. வெறும் களிமண் போடாதீங்க, இறுகிடும். தேங்காய் நார்த்தூளை ரெண்டு மூணு தரம் அலசி, மக்கின எரு கலந்து போடுங்க. பைப் வாயிலும் வடிகால் ஓட்டையிலும் கொசுவலை கட்டுங்க, இல்லைன்னா டெங்கு கொசுவுக்கு நீங்களே தொட்டி கட்டின மாதிரி. போர் தண்ணி உப்பா இருந்தா மேல் மண்ணில் வெள்ளையாப் பூக்கும், மாசம் ஒருதரம் மேலேருந்து நல்ல தண்ணி ஊத்திக் கழுவி விடுங்க. ஈரமான வாளி நல்ல கனம், மாடி நடுவுல அடுக்காம சுவர் ஓரமா வைங்க.

இன்னொண்ணு, சித்திரை வெயிலில் பெரிய செடி ரெண்டு நாளிலேயே அவ்வளவு தண்ணியையும் குடிச்சிடும். ஒரு வாரம் ஊருக்குப் போறதுன்னா பக்கத்து வீட்டில் சொல்லிட்டுத்தான் போகணும்.

வாளி வயலாகாது. அஞ்சு வாளியில் குடும்பம் சாப்பிட முடியாது. ஆனா வயல் முங்கின வருஷம் எங்க அம்மா விதையைக் காப்பாத்தினது வாளிதான். அதனால இந்த வருஷம் ஆடிக்கு மாடியில் பத்து வாளி வைக்கப் போறேன். எல்லாத்துக்கும் முதல் வேலையா ஓட்டை போட்டாச்சு.