விசிறியின் கூக்குரல்

பனையோலை விசிறி ஒருநாளும் சப்தம் போட்டதில்லை. சப்தம் போட்டதெல்லாம் அதை வீசும்படி ஏவப்பட்டவர்களுடைய வாய்தான். இந்த உண்மையை நெய்க்காரப்பட்டியில் நமது வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு, இரவு இரண்டு மணிக்கு, சென்ற சித்திரை மாதத்தில் நாம் உணர்ந்தோம். கூடத்தின் ஒரு மூலையில் நமது குமாரியின் கணினி வேலை செய்துகொண்டிருந்தது. மற்றொரு மூலையில் எண்பது வயதைக் கடந்த நமது தாயார் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் உள்ளங்கை அகலமேயான ஒரு விசிறி ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

குமாரியின் தொழில், கட்டப்போகும் வீடுகளுக்கு முன்கூட்டியே வர்ணப்படம் தயாரித்துக் கொடுப்பது. பகலில் அவள் வரைவாள். இரவு முழுவதும் கணினி தானே கணக்குப் போட்டு, ஒளியையும் நிழலையும் நிரப்பும். அந்த வேளையில்தான் யந்திரத்தின் மூளை கொதிக்கும். விசிறியும் வெறிகொண்டு சுழலும். "அப்பத்தா, இன்னும் நாலே நாள் பொறுத்துக்கொள்" என்று அவள் சொல்லி நாலு மாதம் ஆகிவிட்டது.

நாம் ஒரு புத்திசாலித்தனம் செய்தோம். கணினியிலே விசிறியின் வேகத்தைக் குறைக்க இடமுண்டு என்று கேள்விப்பட்டு, நிமிஷத்துக்கு 2,400 சுற்று சுழன்றதை 1,200 சுற்றுக்கு மேல் போகாதபடி கட்டிவிட்டோம். அன்றிரவு வீடு கோயில் போல் அமைதியாயிருந்தது. காலையில் பார்த்தால் கணினியும் அமைதியாயிருந்தது! உஷ்ணம் எல்லை மீறியதும் யந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேலையை மெதுவாக்கி, அப்புறம் அடியோடு நின்றுவிட்டது. காலை பத்து மணிக்குக் கொடுக்கவேண்டிய படம் பாதியில் நின்றது. அந்த வாடிக்கைக்காரர் பிறகு வரவில்லை. குமாரி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் நமக்குத் தாங்கமுடியாமற் போயிற்று.

வீட்டைச் சேர்ந்த வருமானத்தில் ஒரு பகுதியைக் கெடுத்தபின், விசிறி சாஸ்திரத்தைப் படிக்கலானோம். விஷயம் மிகவும் ருசிகரமானது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். அதற்குச் செலவாகும் மின்சாரமோ எட்டில் ஒரு பங்காகிவிடும். சப்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். பத்து டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சப்தம் பாதியாகத் தோன்றும் என்பார்கள். திருப்பிப் பார்த்தால், இரண்டு பங்கு காற்று வேண்டுமென்று வேகத்தை இரட்டிப்பவன் எட்டு மடங்கு மின்சாரத்தையும், காது பொறுக்காத இரைச்சலையும் விலையாகக் கொடுக்கிறான். இவ்வளவு அநியாய வட்டி நம் ஊர்க் கந்துக் கடையிலும் கிடையாது.

இரைச்சலிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று காற்றின் வெறும் "உஸ்". மற்றொன்று சுருதி. ஏழு இறக்கை கொண்ட விசிறி நிமிஷத்துக்கு 1,200 சுற்று சுழன்றால், விநாடிக்கு 140 தடவை இறக்கை ஒரே இடத்தைக் கடக்கிறது. அதே கணக்கில் ஒரு சுருதி எழுகிறது. வேகத்தை இரட்டித்தால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறிவிடும். "உஸ்" சப்தத்தில் மனிதன் தூங்கிவிடுவான்; ஏறியும் இறங்கியும் அலைகிற சுருதியில் தூங்கமாட்டான். மிருதங்கத்தின் நாதத்தை ஆராய்ந்து 1920-ல் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஸர் சி. வி. ராமன் நமது கூடத்தில் ஒரு ராத்திரி படுத்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

ஆனால் விசிறி ஏன் அவ்வளவு வேகமாகச் சுழன்றது? இந்தக் கேள்வியை நாம் முதலிலேயே கேட்டிருக்கவேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்தோம். உஷ்ணத்தை வாங்கி வெளிவிடும் அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் சாம்பலும் தூசியும் கம்பளிபோல் படிந்திருந்தன. நம் ஊர் கரும்புக்கும் வெல்லத்துக்கும் பேர்போனது. சக்கையை எரித்துத்தான் பாகு காய்ச்சுகிறார்கள். அந்தப் புகையும் சாம்பலும் வெல்லத்தை மாத்திரம் நாடிப் போவதில்லை. காற்று நுழைய வழியில்லை. உள்ளே உஷ்ணம் ஏற ஏற, விசிறி வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் கதறியிருக்கிறது. நாம் அதன் வாயைக் கட்டினோம்! அன்றியும், விற்பனைப் பத்திரங்களில் கண்ட கணக்கெல்லாம் குளிர்ந்த அறைக்கு ஏற்பட்டவை. அறை 25 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்கு ஏறினால், உள்ளிருக்கும் உஷ்ணமும் ஏறக்குறைய அந்த 12 டிகிரியைச் சேர்த்துக்கொள்ளும்.

பழனியிலிருந்து ஒரு மெக்கானிக் தம்பியை வரவழைத்தோம். காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் அது தறிகெட்டுச் சுழன்று பேரிங்கி கெட்டுவிடும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். பெட்டியின் முன்புறத்தில் அழகுக்காக வைத்திருந்த கண்ணாடியை எடுத்துவிட்டுக் கம்பி வலை போட்டார். 80 மில்லிமீட்டர் விசிறி இருந்த பெட்டிக்கு 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு வந்தன. ஒரே மாதிரி அமைந்த விசிறிகளானால், சிறியது தள்ளும் காற்றைப் பெரியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த வேகத்திலேயே தள்ளிவிடும். கூடத்தில் தலைக்கு மேல் சுழலும் பெரிய விசிறி நிமிஷத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் சுற்றிலேயே நம் எல்லாருக்கும் காற்றுக் கொடுக்கிறதே, அதே நியாயந்தான்.

புது விசிறியைக் கையில் எடுத்து முதுகைத் திருப்பிப் பார்த்தோம். "சீனாவில் செய்தது" என்றிருந்தது. மனசு சற்றுச் சுருங்கிற்று. கோயமுத்தூரிலே 1937-லேயே ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்சார மோட்டார் செய்து காட்டினார்கள். கொங்கு நாட்டு மோட்டார்கள் எத்தனையோ கிணறுகளில் தண்ணீர் இறைக்கின்றன. உள்ளங்கை அளவு விசிறிக்கு மாத்திரம் நாம் கடல் தாண்டிக் கை நீட்டவேண்டுமா? தம்பி சிரித்துவிட்டு, "அண்ணா, நீங்கள் செய்து கொடுங்கள், நான் மாட்டுகிறேன்" என்றார்.

அன்றிரவு குமாரி வேலையைத் தொடங்கினாள். விசிறிகள் 900 சுற்றில் சுழன்றன. அருகில் போய்க் காதை வைத்தால்தான் கேட்டது. மணி பதினொன்று. தாயார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நாமும் விளக்கை அணைத்தோம்.

"ஏப்பா, தூங்கிவிட்டாயா?" என்று இருட்டில் அவருடைய குரல் கேட்டது. "தலைக்கு மேலே ஓடுகிற விசிறி இப்படிக் கிறீச்சிடுகிறதே, இத்தனை நாளாக ஒருவரும் கவனிக்கவில்லையா?"