பிணவறையில் பாதி விடை

8 மே 2020

ஹாம்பர்க் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கொரோனா உறுதியாகி இறந்தவர்களை உடற்கூறாய்வு செய்தே ஆகவேண்டும் என்று அந்த மாநிலம் உத்தரவிட்டிருக்கிறது. தொற்றுப் பயத்தால் ஜெர்மனியின் ராபர்ட் கோக் நிறுவனம் முதலில் வேண்டாமென்று சொன்ன வேலை. கிளாவுஸ் ப்யூஷெல் குழுவினர் முதல் 12 உடல்களைத் திறந்ததில், 7 பேருக்கு இரண்டு கால்களின் ஆழ்சிரைகளிலும் ரத்தக்கட்டி. உயிரோடிருந்தபோது அவர்களில் ஒருவர் விஷயத்திலும் அந்தச் சந்தேகம் எழவில்லை. 4 பேருடைய உயிரைப் பறித்தது நுரையீரல் தமனியில் போய் அடைத்த கட்டி. எல்லோரும் வென்டிலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இவர்கள் கெண்டைக்காலைக் கீறிப் பார்த்திருக்கிறார்கள்.

11 மே

ஆன்லைன் வகுப்பு. ஹாம்பர்க் கட்டிகளைப் பற்றி ஒரு முதுநிலை மாணவி நல்ல கேள்வி கேட்டாள்: "மேடம், அது செத்த பிறகு உறைஞ்ச ரத்தமா இருக்கலாம் இல்லையா?" இருக்கலாம்தான்; ஆனால் கை வைத்தால் தெரிந்துவிடும். இறந்தபின் உறைந்தது ஜெல்லி மாதிரி பளபளவென்று வழுக்கிக்கொண்டு வரும், குழாய்ச் சுவரில் ஒட்டாது. உயிருள்ளபோது உண்டானது வறண்டிருக்கும், சுவரைப் பற்றிக்கொண்டிருக்கும், அழுத்தினால் உதிரும். குறுக்கே வெட்டினால் வெளிறிய வரியும் சிவப்பு வரியும் மாறி மாறித் தெரியும். ஓடுகிற ரத்தத்தில்தான் அப்படி அடுக்கடுக்காகப் படியும். பழைய ஸ்லைடு ஒன்றைத் திரையில் காட்டினேன்.

25 மே

இன்னொரு ஜெர்மன் குழு, கொரோனாவில் இறந்த 7 பேரின் நுரையீரலை 2009 ஃப்ளூவில் இறந்த 7 பேருடையதோடு ஒப்பிட்டிருக்கிறது. காற்றறைகளின் சிதைவு இரண்டிலும் உண்டு. வித்தியாசம் ரத்தக்குழாயில்: தந்துகிகளில் நுண்கட்டிகள் கொரோனாவில் 9 மடங்கு. குழாய்களின் உட்சுவர்ச் செல்களும் சிதைந்திருக்கின்றன. சளிக்காய்ச்சலின் அண்ணன் என்று நினைத்த நோய், ரத்தக்குழாய்களையும் சேர்த்தே தாக்குகிறது. இங்கேயோ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதல் உடலைத் திறக்கும் முறையைத் தவிர்க்கச் சொல்கிறது. பிணவறை ஊழியரை நினைத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது.

7 ஆகஸ்ட் 2021

ஹெப்பாரின் சோதனைகளின் முடிவு வந்துவிட்டது. கட்டியைக் கண்டோம், எனவே ரத்தம் உறையாமலிருக்க முழு டோஸ் மருந்து கொடுப்போம் என்பதுதான் கணக்கு. மிதமாகப் பாதிக்கப்பட்டு வார்டில் இருந்தவர்களுக்குப் பலன் தெரிந்திருக்கிறது; தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு இல்லை. உடற்கூறாய்வு நோயின் கடைசி நாளைத்தான் காட்டும். அதுவும் பிழைக்காதவர்களுடைய கடைசி நாளை. எந்த நாளில் மருந்து கொடுத்தால் பிழைப்பார்கள் என்பதை உயிரோடிருப்பவர்களிடம்தான் சோதித்தறிய வேண்டும். ஆனால் அந்தச் சோதனைகளுக்கு இவ்வளவு அவசரம் வந்ததில் அந்தக் கெண்டைக்கால்களுக்குப் பங்குண்டு.

18 டிசம்பர் 2022

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் (என்.ஐ.எச்.) 44 உடல்களை ஆராய்ந்த கட்டுரை 'நேச்சர்' இதழில். மூளை உட்படப் பல உறுப்புகளில் வைரஸின் ஆர்.என்.ஏ.; ஒருவருக்கு, அறிகுறி தொடங்கி 230 நாட்களுக்குப் பிறகும். ஆனால் சுவாசப் பாதைக்கு வெளியே அழற்சியோ நேரடிச் சேதமோ அதிகமில்லை. வைரஸ் இருப்பதையும் அது கெடுதல் செய்வதையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் இதைப் படிக்கவேண்டும்.

மாலையில் துறைக் கூட்டம். நம்மூரில் போஸ்ட்மார்ட்டம் என்றாலே போலீஸ் கேஸ். நோயை அறிவதற்காகக் கேட்டால் குடும்பம் மிரண்டுபோகிறது. சாவ் பாவ்லோவில் 2020-லேயே உடலைத் திறக்காமல், அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசியால் திசு எடுத்தார்கள். 10 பேரில் 8 பேருக்கு நுரையீரலின் சிறு தமனிகளில் நுண்கட்டிகள் தெரிந்தன. ஊசியும் ஸ்கேனும் நம்மிடமும் இருக்கின்றன. குடும்பத்திடம் எப்படி, யார், எப்போது கேட்பது என்று ஒரு நடைமுறையை எழுதித் தரும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.