மல்லி வாசம்

முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் "ஃபுட் ப்ராசஸிங் கம்பெனி"யில் வேலை பார்க்கிறாள் என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். முழுப்பொய் இல்லை. பார்லி, கோதுமை, ஆரஞ்சுத் தோல், மல்லி எல்லாம் உணவுப் பொருள்தானே? அதையெல்லாம் போட்டு என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

செய்வது பீர். புனேயில் ஒரு மைக்ரோபிரூவரி. எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்து ஒரு மருந்துக் கம்பெனி லேபில் ஆறு மாசம் குப்பி கழுவியவள், ஒரு நாள் சாயங்காலம் வந்து "அப்பா, எனக்குப் பிடிச்ச வேலை கிடைச்சிருச்சு" என்றாள். என்ன வேலை என்று தெரிந்ததும் தங்கமணி ஒன்பது நாள் யாரிடமும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. அந்த ஒன்பது நாளும் நான் பிராஞ்சில் கூடுதல் நேரம் உழைத்ததைப் பார்த்து எங்கள் ரீஜனல் மேனேஜரே ஆச்சரியப்பட்டார் :-)

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

தங்கமணிக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். கரிசல் காடு. ஐப்பசி மழையை நம்பி மல்லி விதைத்து, தையில் அறுத்து, களத்தில் அடித்து விற்கிற குடும்பம். மல்லி விற்ற காசு கையில் வந்த அன்று என் மாமனார் வீட்டுக்கு வர மாட்டார். மூன்று நாள் கழித்து வருவார், காசு இல்லாமல். இப்படியே எட்டு ஏக்கர் மூன்று ஏக்கர் ஆனது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். குடி குடியைக் கெடுக்கும் என்று அச்சடிக்கிறார்கள். அந்த வீட்டில் அச்சடிக்காமலே தெரியும்.

அதனால் அவள் பேசாமல் இருந்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது என்றுதான் தெரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆனதும், போன மார்கழியில் மகளுக்கு ஒரு வாய்ப்பு. பிரூமாஸ்டர் அவளையே சொந்தமாக ஒரு பீர் போடச் சொல்லிவிட்டார். 500 லிட்டர். பெல்ஜியம் பாணி விட்பியர். "ஞாயித்துக்கிழமை கூட்டம் வர்றதுக்கு முன்னாடி வந்து டேஸ்ட் பண்ணி மார்க் போடுங்கப்பா" என்றாள்.

நானா? என் குடி வரலாறு ரொம்பச் சின்னது. கோவில்பட்டியில் பி.காம். படித்தபோது நண்பர்களோடு நாலைந்து தடவை. இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒரே மடக்கு, உடனே நாக்கில் ஊறுகாய். வாசனையும் ருசியும் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அங்கே முக்கியமான டெக்னிக். ஏறினால் போதும். பேங்கில் சேர்ந்த பிறகு ஃபேர்வெல் பார்ட்டிகளில் அரை கிளாஸ். அவ்வளவுதான்.

"அதான் வேணும். பழகாத நாக்கு" என்றாள்.

சரி, டியூ டிலிஜென்ஸ் செய்யாமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்பதால் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். அதில் ஒரு கதை ரொம்பப் பிடித்துப்போனது.

பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்று ஒரு சின்ன ஊர். கோதுமையில் வெள்ளை பீர் போடுவதற்குப் பேர் போன ஊர். லாகர் பீர் வந்த பிறகு ஒவ்வொரு ஆலையாக மூடி, 1957-ல் கடைசி ஆலையும் மூடிவிட்டது. அந்த ஆலைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் பியர் செலிஸ். சின்ன வயதில் அங்கே போய் ஒத்தாசை செய்தவர், பிறகு பால்காரர் ஆகிவிட்டார். ஊர்க்காரர்கள் அந்த பீர் இல்லையே என்று புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, 1966-ல் தானே ஒரு ஆலை தொடங்கி அந்த ருசியைத் திரும்பக் கொண்டுவந்தார். 1985-ல் ஆலை தீப்பிடித்து எரிந்தது. போதுமான இன்சூரன்ஸ் இல்லை. (பேங்க்காரன் கண்ணில் முதலில் படுவது இதுதான்!) பணம் போட்ட பெரிய கம்பெனியிடமே கடைசியில் விற்க வேண்டி வந்தது. ஆனாலும் மனுஷன் ஓயவில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் போய், 1992-ல் இன்னொரு ஆலை. 2011-ல் காலமானார். இன்றைக்கு உலகம் முழுக்க விட்பியர் போடுகிறார்கள் என்றால் அந்தப் பால்காரர்தான் காரணம்.

பெல்ஜியத்து பீரில் வகைகள் ஏராளம். வெஸ்ட்மால், ஷிமே மாதிரி துறவிகளின் மடங்களில் தயாராகும் டிராப்பிஸ்ட் பீர், பார்க்க இளம் மஞ்சளாக இருந்துகொண்டு ஆளைச் சாய்க்கிற டிரிப்பல்... அந்த நாட்டு பீர் பண்பாட்டையே 2016-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பெல்ஜியம் வகைகள் பலவற்றுக்கும் பொதுவான ஒன்று ஈஸ்ட். லாகர் ஈஸ்ட் குளிரில் மெதுவாக, வாசம் காட்டாமல் வேலை செய்யும். பெல்ஜியம் ஈஸ்ட் 20 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கிராம்பு, மிளகு, பழம் என்று தானே வாசனை உண்டாக்கிவிடும். விட்பியரில் அதோடு ஆரஞ்சுத் தோலும் மல்லி விதையும் சேரும். ஆமாம், நம்ம சாம்பார் பொடி மல்லியேதான். கொதி முடியும் நேரத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் போடுகிறார்கள். 500 லிட்டருக்கு அரை கிலோ.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போனேன். காலையில் காபி குடிக்கக் கூடாது, சென்ட் அடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே உத்தரவு. காபி இல்லாத தலைவலியோடு போய் உட்கார்ந்தால், கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய பீர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் புரோகிராம் என்ற அமைப்பின் மார்க் ஷீட். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. ஆக 50.

தோற்றத்துக்கு மூன்றே மார்க் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலில் கண்ணாடிக் கதவும் ஏசி ரூமும் பார்த்தே பாதி மார்க் போட்டுவிட்டு, பிறகு என்.பி.ஏ. ஆனதும் தலையில் கை வைப்போம்.

எப்படி டேஸ்ட் செய்வது என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். கிளாஸில் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கக் கூடாது, நுரை நிற்காது. ரெண்டு இஞ்ச் நுரை வருகிற மாதிரி ஊற்றணும். ஊற்றியதும் குடிக்காமல் மோந்து பார்க்கணும், ஏனென்றால் லேசான வாசனைகள் முதல் ஒரு நிமிஷத்தில் பறந்துவிடும். நீளமாக இழுக்காமல், நாய்க்குட்டி மாதிரிக் குட்டிக் குட்டியாக மோக்கணும். அப்புறம் ஒரு வாய். நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடணும். நடுவில் தண்ணீரும் வெறும் பிரெட்டும். ரொம்ப ஜில்லென்று இருந்தால் நாக்கு மரத்துவிடும், கொஞ்சம் ஆறவிட்டுத்தான் குடிக்கணும்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த எனக்கு, மூக்கை நீட்டிக் குடிக்கச் சொல்லி மகள் பாடம் எடுக்கிறாள்!

பீர் நீராகாரம் மாதிரி கலங்கலாக, வெளிறிய மஞ்சளில் இருந்தது. விட்பியர் அப்படித்தான் இருக்கணும். மேலே வெள்ளை வெளேர் நுரை. முதல் மோப்பில் ஆரஞ்சு. கொஞ்சம் மிளகு. பின்னாலேயே இன்னொன்று. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. துணி சோப்பு மாதிரி, அழுக்குக் கூடை மாதிரி. ஒரு வாய் குடித்தேன். கோதுமையின் மெத்தென்ற உணர்வு, கடைசியில் லேசான புளிப்பு, கசப்பு ரொம்பக் குறைவு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விழுங்கியதும் மூக்கில் அதே சோப்பு.

எதிரே மகள். ஒரு வருஷ உழைப்பு. வீட்டில் அம்மாவின் முகம் தெரிந்தும் தினமும் எட்டு மணிக்குக் கிளம்பி வந்து, மூட்டை தூக்கி, தொட்டி கழுவி, போட்ட முதல் பீர். பேனாவை எடுத்தேன். மணம் 10, தோற்றம் 3, சுவை 17, வாய் உணர்வு 4, மொத்தம் 9. கூட்டினால் 43.

தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்பா, சொந்தக்காரங்களுக்கு லோன் போட மாட்டேன்னு பெருமையா சொல்லுவீங்கல்ல?"

சுருக்கென்றது. பதில் சொல்லாமல் இன்னொரு தாள் வாங்கினேன். 6, 3, 12, 4, 6. மொத்தம் 31. கீழே குறிப்பு: "சோப்பு வாடை. காரணம் தெரியவில்லை."

அவளுக்கு முகம் வாடியது, ஆனால் பெருமூச்சும் விட்டாள். "எனக்கும் அதே வருதுப்பா. இங்க எல்லாரும் கஸ்டமருக்குத் தெரியாதுங்கறாங்க. நாந்தான் பைத்தியமோன்னு நினைச்சேன்." ஈஸ்டா, ஆரஞ்சுத் தோலின் வெள்ளைப் பகுதியா என்று அவளுக்குச் சந்தேகம். வரும்போது போட்ட சாமான்களில் கொஞ்சம் கொஞ்சம் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

சமையல் மேடையில் டப்பாக்களைத் திறந்து வைத்து அப்பாவும் மகளும் மாறி மாறி மோந்துகொண்டிருந்தோம். தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த தங்கமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது டப்பாவைத் திறந்ததும் கரண்டி நின்றது.

"அது என்ன மல்லியா? கொண்டா இங்க."

உடைத்த மல்லி. உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து, ஒரே ஒரு தடவை மோந்தாள். "உடைச்சு வச்சு ரொம்ப நாள் ஆகியிருக்கு. நல்ல வாசமெல்லாம் போயிருச்சு. காறல்தான் மிச்சம். இதுல ரசம் வச்சாலே சோப்புத்தண்ணி மாதிரி இருக்கும். முழு மல்லியா வாங்கி, போடுறதுக்கு முன்னாடி உடைக்கணும்."

மகள் வாயைப் பிளந்தாள். பழைய மல்லி போட்டால் சோப்பு மாதிரியும், செலரிக் கீரை மாதிரியும், பன்றி இறைச்சி மாதிரியும்கூட வாடை வரும் என்று அவள் படித்ததுதானாம். ஆனால் பாலிதீன் பையில் வந்த மல்லியைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. "அம்மா, உனக்கு எப்பிடிம்மா இவ்வளவு மூக்கு?"

தங்கமணி கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். இருபத்தஞ்சு வருஷத்தில் என்னிடம்கூடச் சொல்லாதது.

"எங்கப்பா தெருமுனை திரும்புறப்பவே எனக்கு வாசம் வந்துரும். சாராயமா, பிராந்தியா, எவ்வளவு குடிச்சிருக்காருன்னு கதவுகிட்ட நின்னே தெரிஞ்சுரும். சாராயம்னா அடி. பிராந்தின்னா அழுகை. எதுன்னு ஆச்சிகிட்ட முன்னாடியே சொல்லணும்ல, அதுக்காக மோந்து மோந்து வந்த மூக்கு இது."

அடுப்பில் தோசைக்கல் காய்ந்து புகைந்தது. யாரும் அணைக்கவில்லை. மகள் போய் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் குடித்தவர்கள் யாரும் அதை மோந்து பார்த்ததில்லை. மோந்து பார்த்ததெல்லாம் வீட்டு வாசலில் நின்ற பொம்பளைகள்தான். இது அன்றைக்கு ராத்திரிதான் எனக்கு உறைத்தது.

தை அறுப்பு முடிந்ததும், மிச்சமிருக்கும் அந்த மூன்று ஏக்கரில் பயிர் செய்கிற என் மைத்துனன் ரெண்டு கிலோ புது மல்லி பார்சல் அனுப்பினான். கேட்டது தங்கமணி. "சாம்பார் பொடிக்கு" என்று போனில் சொன்னதை நான் கேட்டேன். வாய் திறக்கவில்லை. அதில் அரை கிலோ பிரூவரிக்குப் போனது. "வறுத்துராத, அது சாம்பாருக்கு" என்ற அறிவுரையோடு.

மூன்று வாரம் கழித்து மகள் ஒரு சின்ன பாட்டிலில் எடுத்து வந்தாள். எனக்கு அரை கிளாஸ். அம்மாவுக்கு ஊற்றவில்லை, கேட்கவும் இல்லை. நான் மோந்தேன். ஆரஞ்சுக்கும் மிளகுக்கும் நடுவில் களத்து மேட்டு மல்லி பளிச்சென்று நின்றது. மேடையில் கிளாஸை வைத்துவிட்டு மார்க் ஷீட்டைத் தேடிப் போய்த் திரும்பினால், தங்கமணி கிளாஸைக் கையில் எடுத்து மூக்கருகே வைத்திருந்தாள். ஒரு சொட்டுக்கூட வாயில் படவில்லை. கண் மட்டும் மூடியிருந்தது.

"பன்னண்டுக்குப் பத்து போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

மற்றதை நான் போட்டேன். 3, 16, 4, 8. மொத்தம் 41. 38 முதல் 44 வரை எக்ஸலண்ட் என்று அந்தத் தாளிலேயே போட்டிருக்கிறது. சொந்தக்காரர்களுக்குப் போட்ட மார்க்தான். ஆனால் இந்தத் தடவை ஆடிட் வந்தாலும் நிற்கும்.

போன வாரம் மைத்துனன் போன் செய்தான். "அத்தான், மல்லி எப்படி இருந்துச்சு?" நல்ல வாசம் மாப்ள என்றேன். "பொடி அரைச்சாச்சா?" என்றான். உடைச்சாச்சு என்றேன் :-)

அவனுக்குச் சொல்லிவிடலாம். சிரிப்பான். என் மாமியாருக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பேத்தி வேலை பார்க்கிற கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் இதுவரை கேட்டதில்லை. வருகிற சித்திரையில் ஊருக்குப் போகிறோம். கேட்டால், பொய் சொல்லக் கூடாது என்று மூன்று பேரும் பேசி வைத்திருக்கிறோம்.